பெரிய நாயோடு நெடுந்தூர ரயில் பயணம்: கையைக் கடிக்காமல் போய்ச் சேர

முப்பது கிலோ நாயை ரயிலில் கூட்டிப்போக ஆகும் கட்டணம் பல நாடுகளில் பெரிய தொகையே இல்லை. பணம் கரைவது வேறு இடங்களில். நடைமேடைக்கு வந்தபிறகு "இந்த வண்டியில் நாய்க்கு அனுமதி இல்லை" என்று கேட்டு, கையில் இருக்கும் சீட்டை விட்டுவிட்டுப் புதுச் சீட்டு எடுப்பது ஒன்று. இரண்டு நிமிட நிறுத்தத்தில் நாயை ஒன்றுக்கு இறக்கி வண்டியைத் தவறவிடுவது இன்னொன்று. பெட்டியை அசிங்கம் செய்ததற்காகச் சுத்தம் செய்யும் கட்டணம் கட்டுவது மூன்றாவது. இவை எல்லாவற்றையும் தவிர்க்க உதவுவது புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்கும் பழக்கம்தான். அதற்குக் காசு வேண்டாம், பொறுமை வேண்டும்.

முதலில் விதி, பிறகு பாதை

பெரிய நாயை ரயில் நிறுவனங்கள் மூன்று விதமாக நடத்துகின்றன. உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிந்த பிறகே பாதையை யோசிக்க வேண்டும்.

முதல் வகை, ஆட்கள் உட்காரும் பெட்டியிலேயே நாயையும் அனுமதிப்பது. பிரிட்டனில் ஒருவர் இரண்டு நாய்கள் வரை கட்டணமில்லாமல் கூட்டிப்போகலாம். கயிற்றில் பிடித்திருக்க வேண்டும், இருக்கையில் ஏற்றக் கூடாது. ஜெர்மனியில் கூடைக்குள் அடங்காத நாய்க்குப் பாதிக் கட்டணம் வாங்குகிறார்கள். கயிறும், கடிக்காமலிருக்க வாயில் மாட்டும் வாய்க்கூடும் (மசில்) கட்டாயம். சுவிட்சர்லாந்திலும் இரண்டாம் வகுப்பில் பாதிக் கட்டணம்தான். அங்கே நாய்க்கென்றே ஆண்டுச் சீட்டுகூட உண்டு.

இரண்டாம் வகை, சின்ன நாய்க்கு மட்டும் இடம் தருவது, அல்லது எந்த நாய்க்குமே தராதது. அமெரிக்காவின் ஆம்ட்ராக், கூண்டோடு சேர்த்து 20 பவுண்டுக்கு, அதாவது சுமார் 9 கிலோவுக்கு மேல் ஏற்றுவதில்லை. அதையும் 7 மணி நேரம் வரையிலான பயணத்துக்கே அனுமதிக்கிறது. கடலடிச் சுரங்கம் வழியே லண்டனை ஐரோப்பாவோடு இணைக்கும் யூரோஸ்டார் வண்டிகளில், பார்வையற்றோர் போன்றவர்களுக்குத் துணையாகப் பழக்கிய உதவி நாய்கள் தவிர வேறு நாய் ஏற முடியாது. இங்கெல்லாம் கெஞ்சிப் பயனில்லை. கடலைக் கப்பலில் கடந்து மறுகரையில் ரயில் பிடிப்பதுபோல் பாதையையே மாற்ற வேண்டும்.

மூன்றாம் வகை, தனி அறை எடுத்தால் உங்களோடு, எடுக்காவிட்டால் சரக்கோடு. இந்திய ரயில்வே இந்த வகை. ஏசி முதல் வகுப்பில் இரண்டு படுக்கை கூப்பேயோ நான்கு படுக்கை கேபினோ முழுவதும் உங்களுடையதாக இருந்தால் நாய் உள்ளே வரலாம்; இல்லையென்றால் வண்டிப் பொறுப்பாளரான கார்டின் பெட்டியில் இருக்கும் நாய்க்கூண்டுதான். ஏசி இரண்டடுக்கு, மூன்றடுக்கு, ஸ்லீப்பர் எதிலும் இடமில்லை. ஐரோப்பாவின் நைட்ஜெட் இரவு வண்டிகளிலும் நாயோடு போக அறை முழுவதையும் எடுக்க வேண்டும்.

ஒரே தண்டவாளத்தில் இரண்டு நிறுவனங்கள் வண்டி ஓட்டினால் இரண்டுக்கும் விதி வேறாக இருக்கும். எனவே வழியில் மாறும் ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். எடைக்கு உச்சவரம்பு உண்டா, வாய்க்கூடு கட்டாயமா, நாய்ச்சீட்டை இணையத்தில் எடுக்கலாமா கவுன்டரில்தான் எடுக்க வேண்டுமா, ஒரு வண்டிக்கு இத்தனை நாய் என்ற வரம்பு உண்டா என்பவை முக்கியமான கேள்விகள். பதிலை எழுத்தில் வாங்கி, அச்செடுத்துக் கையில் வையுங்கள். பரிசோதகருக்கும் விதி முழுவதும் மனப்பாடமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. தாளை நீட்டினால் பேச்சு அங்கேயே முடியும்.

சில இனங்களுக்குத் தனிச் சட்டமே இருக்கிறது. பிரான்சில் ஆபத்தானவற்றில் முதல் பிரிவு என்று சட்டம் பட்டியலிட்ட நாய்களைப் பொதுப் போக்குவரத்தில் ஏற்றவே முடியாது. உங்கள் நாய் கலப்பினமாக இருந்து அந்தத் தோற்றம் இருந்தால், இனத்தைக் குறிப்பிடும் மருத்துவர் சான்று வைத்திருப்பது நல்லது. உதவி நாய் என்று பொய் சொல்லி ஏற்றலாமா என்று யோசிப்பவர்கள் உண்டு, வேண்டாம். உண்மையாகவே நாயை நம்பி நடமாடும் மனிதர்கள் மீது அடுத்த முறை சந்தேகம் விழ அது காரணமாகும்.

நேரத்தைக் கொடுத்துப் பணத்தைச் சேமிப்பது

பதினான்கு மணி நேரப் பயணத்தை ஒரே விரைவு வண்டியில் முடிப்பது நமக்கு வசதி, நாய்க்கு இல்லை. ஆரோக்கியமான வளர்ந்த நாய் வீட்டில் எட்டு மணி நேரம் சிறுநீரை அடக்கும். புது இடத்தில், பதற்றத்தில், மூச்சிரைத்துத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கும்போது நான்கைந்து மணி நேரம்தான் கணக்கு. அதனால் முதல் வகை நாடுகளில் தூரத்தை நான்கு மணி நேரத் துண்டுகளாக உடைத்து, சாதாரண வண்டிகளில் பகலில் போவதுதான் மலிவும் நல்லதும். மெதுவான வண்டியில் சீட்டு விலை குறைவு, கூட்டமும் பெரும்பாலும் குறைவு, இறங்கி மாறும் ஒவ்வொரு முறையும் நாய்க்கு இடைவேளை.

வண்டி மாறும் இடத்தில் 60 முதல் 90 நிமிடம் விடுங்கள். பத்து நிமிட இணைப்பு பெரிய நாயோடு நடக்காத காரியம்: படிக்கட்டு இறங்கி, வெளியே போய், புல்லோ மண்ணோ தேடி, திரும்பி வந்து நடைமேடையைக் கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் போய்விடும். இரண்டு நிமிடம் மட்டும் நிற்கும் நிலையத்தில் எக்காரணம் கொண்டும் நாயோடு இறங்காதீர்கள். கதவு மூடிய பிறகு பை ஒரு ஊருக்கும் நீங்கள் ஒரு ஊருக்கும் என்று ஆகும்.

துண்டு துண்டாகத் தனிச் சீட்டு எடுப்பது சில நேரம் மலிவாகத் தெரியும். ஆனால் முதல் வண்டி தாமதமானால் அடுத்த சீட்டு வீண். முழுப் பாதைக்கும் ஒரே சீட்டாக எடுத்தால், பல நாடுகளில் அடுத்த வண்டியில் ஏற்றிவிட வேண்டிய பொறுப்பு ரயில் நிறுவனத்துடையது. நாயோடு போகும்போது தாமதம் சகஜம் என்பதால், விலை கொஞ்சம் கூடினாலும் ஒரே சீட்டுதான் புத்திசாலித்தனம்.

தனி அறை கட்டாயமான வண்டிகளில் செலவைக் குறைக்க ஒரே வழி பகிர்வதுதான். நான்கு படுக்கை அறையை நாய்க்குப் பழகிய நான்கு பேர் சேர்ந்து எடுத்தால் ஆளுக்கு ஆகும் தொகை தாங்கக்கூடியதாகும். எல்லோர் பெயரும் ஒரே முன்பதிவில் இருக்க வேண்டும். முன்பின் தெரியாத ஒருவர் அந்த அறையில் வந்து ஆட்சேபித்தால் நாயைக் கீழே இறக்க வேண்டி வரும். பணமும் திரும்ப வராது. விடுமுறைக் காலத்தையும் வார இறுதியையும் தவிருங்கள்.

காகிதங்கள்

உள்நாட்டுப் பயணத்துக்கு ரேபிஸ் தடுப்பூசிப் பதிவும், அண்மையில் வாங்கிய மருத்துவர் சான்றும் பெரும்பாலும் போதும். எல்லை தாண்டினால் தேதிக் கணக்கு முக்கியம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கிடையே தோலடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப், ரேபிஸ் ஊசி, செல்லப்பிராணிப் பாஸ்போர்ட் மூன்றும் வேண்டும். சிப் முதலில், ஊசி பிறகு. வரிசை மாறினால் ஊசி செல்லாது, மறுபடி போட வேண்டும். முதல் ரேபிஸ் ஊசி போட்டு 21 நாள் ஆன பிறகே எல்லை தாண்டலாம். பின்லாந்து, அயர்லாந்து, மால்டா, நார்வே போகிறீர்கள் என்றால் உள்ளே நுழைவதற்கு 24 முதல் 120 மணி நேரத்துக்குள் நாடாப்புழு மருந்து கொடுத்து, மருத்துவர் அதைப் பாஸ்போர்ட்டில் நேரத்தோடு பதிய வேண்டும். ஒரு நாள் முந்தினாலும் பிந்தினாலும் செலவு இரட்டிப்பு.

ஒரு மாதப் பழக்கம்

வாய்க்கூட்டில் தொடங்குங்கள், இதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும். நாய்க்கு உடம்பு குளிர்வது பெரும்பாலும் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பதால்தான். வாயை இறுக்கிக் கட்டும் துணி மசில் அதைத் தடுத்துவிடும்; சில நிமிடங்களுக்கு மேல் ஆகாது. கம்பியிலோ பிளாஸ்டிக்கிலோ கூடை போல் செய்ததை வாங்குங்கள். உள்ளே நாய் வாயை நன்றாகத் திறந்து இரைக்கவும், தண்ணீர் குடிக்கவும், தின்பண்டம் வாங்கவும் முடிய வேண்டும். மூக்கு நுனிக்கும் கூடைக்கும் ஒரு விரல் இடைவெளி இருக்கட்டும்.

முதல் சில நாள் மாட்டவே வேண்டாம். கூடையின் உட்பக்கத்தில் பிடித்த உணவைத் தடவி, நாய் தானாக மூக்கை நுழைக்க விடுங்கள். அது தயங்காமல் நுழைக்கும்போது வாரை ஐந்து நொடி மாட்டிக் கழற்றுங்கள். பிறகு அரை நிமிடம், ஐந்து நிமிடம், ஒரு நடை, ஒரு மணி நேரம் என்று நீட்டுங்கள். மூன்று வாரமாவது ஆகும். முன்கால்களால் பிறாண்டத் தொடங்கினால் வேகமாகப் போய்விட்டீர்கள் என்று பொருள். இரண்டு படி பின்னால் வாருங்கள்.

அடுத்தது, சொன்னால் ஒன்றுக்குப் போவது. பயணம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான், யாரும் கவனிப்பதும் இல்லை. புல்லில் மட்டுமே போய்ப் பழகிய நாய் கான்கிரீட் நடைமேடைக்கு வெளியே நின்று சுற்றிச் சுற்றி முகர்ந்துவிட்டு அப்படியே திரும்பிவிடும். அடுத்த வண்டி கிளம்பி அரை மணி நேரத்தில் பெட்டிக்குள் போய்விடும். இதைத் தடுக்க, தினமும் காலையில் நாய் சிறுநீர் கழிக்கத் தொடங்கும் அந்த நொடியில் ஒரே சொல்லை மெதுவாகச் சொல்லுங்கள், முடித்ததும் தின்பண்டம். இரண்டு வாரத்தில் சொல்லுக்கும் செயலுக்கும் முடிச்சு விழும். அதன்பின் இடத்தை மாற்றுங்கள்: மண், சரளை, சிமென்ட். எப்போதும் குட்டைக் கயிற்றில் கட்டியபடியே பழக்க வேண்டும், ஏனென்றால் நிலையத்தில் அப்படித்தான் இருக்கும். 60க்கு 90 சென்டிமீட்டர் உறிஞ்சும் விரிப்பு ஒன்றில் அதன் சிறுநீரைக் கொஞ்சம் ஒற்றி, மூடிய பையில் போட்டு எடுத்துப்போங்கள். தெரியாத இடத்தில் அதை விரித்தால் வாசனையே வேலையைச் செய்யும்.

மூன்றாவது, பாய்ப் பழக்கம். ஒரு மீட்டருக்கு எழுபது சென்டிமீட்டர் அளவில் வழுக்காத பாய் ஒன்றை எடுத்து, அதில் படுத்தால் மட்டும் நல்லது நடக்கும் என்று கற்றுக்கொடுங்கள். வீட்டில், பிறகு கடைவாசலில், பிறகு பேருந்து நிறுத்தத்தில். கடைசியாக ரயில் நிலையத்துக்கே இரண்டு மூன்று முறை கூட்டிப்போய், வண்டி வந்து போவதை எட்ட நின்று பார்க்கவிடுங்கள். பிரேக் விடும் காற்றுச் சத்தம்தான் பெரிய நாய்களையும் துள்ள வைக்கும். முடிந்தால் ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ஒரு சின்னப் பயணம் போய்ப் பாருங்கள்; பயமா, வாந்தியா, எதுவுமில்லையா என்பது அதில் தெரிந்துவிடும்.

மூட்டை

சக்கரப் பெட்டி வேண்டாம், முதுகுப் பையே நல்லது. இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். செலவு செய்ய வேண்டியவை இரண்டு: முதுகில் கைப்பிடி உள்ள ஹார்னஸ் (நெஞ்சைச் சுற்றி மாட்டும் உடல்பட்டை), மேலே சொன்ன கூடை மசில். மற்றவை வீட்டில் இருப்பவை. பழைய துண்டு மூன்று, நாயின் வாசனை ஏறிய பழைய போர்வை, பிளாஸ்டிக் பைகள் பதினைந்து, தாள் சுருள் ஒன்று, கழுவ அரை லிட்டர் தண்ணீர், அகலமான கிண்ணம். கயிறு ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் நீளத்தில், நீண்டு சுருங்காத சாதாரணக் கயிறு. உருளையில் சுருளும் வகை கூட்டத்தில் ஆட்களின் காலைச் சுற்றும், கைப்பிடி தவறி விழுந்தால் அந்தச் சத்தமே நாயைத் துரத்தும். மாற்றுக் கயிறு ஒன்றும் இருக்கட்டும்.

தண்ணீர் கணக்கு: கிலோவுக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 60 மில்லி. முப்பது கிலோ நாய்க்கு 1.5 முதல் 1.8 லிட்டர். வெயில் காலத்தில் இன்னும் அரை லிட்டர். உணவு வழக்கமாகத் தின்பதே, ஒரு நாள் உபரியோடு. வழியில் புது உணவு கொடுத்தால் வயிற்றுப்போக்கு நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

புறப்படும் நாள்

கடைசிச் சாப்பாடு வண்டி கிளம்ப ஐந்தாறு மணி நேரம் முன்பு, வழக்கத்தில் பாதி. வயிறு நிறைந்திருந்தால் வாந்தி வரும் என்பது ஒரு காரணம். ஜெர்மன் ஷெப்பர்ட், கிரேட் டேன் போன்ற ஆழ்ந்த நெஞ்சுள்ள பெரிய நாய்களுக்கு வயிறு ஊதி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு என்பது இன்னொன்று. வாந்தி எடுக்க முயன்று எதுவும் வராமல், வயிறு உப்பி, நிலைகொள்ளாமல் தவித்தால் அடுத்த நிலையத்திலேயே இறங்கி மருத்துவரிடம் ஓடுங்கள். இதில் மணிக்கணக்கில் காத்திருக்க முடியாது.

கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்பு ஒரு நீண்ட நடை, ஒரு மணி நேரம். நிலைய வாசலில் கடைசியாக ஒரு முறை ஒன்றுக்கு. நகரும் படிக்கட்டில் நாயை ஏற்றவே கூடாது. மேலே முடியும் இடத்தில் நகமும் விரலும் சிக்கிக் கிழியும். லிப்ட் அல்லது சாதாரணப் படி.

உங்கள் பெட்டி எங்கே நிற்கும் என்று முன்பே கேட்டு அங்கே நில்லுங்கள். இறங்குபவர்கள் எல்லோரும் இறங்கட்டும். நாயை நடைமேடைத் தூணில் கட்டிவிட்டுப் பையை ஏற்றப் போகாதீர்கள். கம்பி வலை போல் அடியில் வெளிச்சம் தெரியும் படியைப் பல நாய்கள் மிதிக்காது. அப்போது கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தால் தலையை உருவிக்கொண்டு தண்டவாளப் பக்கம் ஓடும். ஹார்னஸ் கைப்பிடியைப் பிடித்து, முன்கால்களை மேல்படியில் வைத்து, பின்பக்கத்தைத் தாங்கி ஏற்றுங்கள். முழுதாகத் தூக்குவதென்றால் ஒரு கை நெஞ்சைச் சுற்றி, மறு கை பின்தொடைகளைச் சுற்றி. முப்பது கிலோவுக்கு மேல் இரண்டு பேர்.

பெட்டிக்குள்

பெட்டியின் கோடியில், முன்னால் வேறு இருக்கை இல்லாத இடம் கிடைத்தால் அதுதான் சொர்க்கம். இல்லையென்றால் ஜன்னலோர இருக்கையின் காலடி. நடைபாதையில் வால் நீட்டிக்கொண்டிருந்தால் தள்ளுவண்டி ஏறும். கதவருகே படுக்க வைப்பது நல்ல யோசனைபோல் தோன்றும், ஆனால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஐம்பது கால்கள் தாண்டிப் போகும். பாயை விரிக்கும் முன் தரையையும் பக்கச் சுவரையும் கையால் தொட்டுப் பாருங்கள். இருக்கைக்கு அடியில் சூடேற்றும் குழாய் ஓடும் பெட்டிகளில் நாய் அடுப்பின் மேல் படுத்தது போலாகும்.

கயிற்றை மேசைக் காலில் கட்டாமல் உங்கள் தொடையிலோ இடுப்பிலோ சுற்றி வையுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை 100 முதல் 150 மில்லி தண்ணீர். கிண்ணம் நிறைய ஊற்றினால் பாதி தரையில்தான். பக்கத்தில் உட்காரப் போகிறவரிடம் நாயைப் பற்றி நீங்களே முதலில் கேட்டுவிடுங்கள். பயமோ ஒவ்வாமையோ இருந்தால் இடம் மாற்றிக்கொள்ள வண்டி கிளம்பும் முன்தான் வசதி. சத்தம் போட்டால் அதட்டாதீர்கள். பாயில் படுக்கும் பழைய பாடத்துக்குத் திரும்புங்கள்.

சரக்குப் பெட்டியில் அனுப்புவதுதான் வழி என்றால் அதையும் கண்ணை மூடிக்கொண்டு செய்யாதீர்கள். கூண்டை முந்தைய நாளே போய்ப் பாருங்கள். விமானக் கூண்டுகளுக்கு விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கமான ஐயாட்டா வைத்திருக்கும் அளவுமுறை இங்கும் உதவும்: நீளம், மூக்கிலிருந்து வால் அடி வரை உள்ள நீளத்தோடு முன்கால் உயரத்தில் பாதி, அகலம், தோள் அகலத்தின் இரண்டு மடங்கு, உயரம், நிற்கும்போது தலை இடிக்காத அளவு. காற்று எந்தப் பக்கம் வருகிறது என்று பாருங்கள். உள்ளே மசிலையும் கழுத்தில் தொங்கும் எதையும் கழற்றிவிடுங்கள், கம்பியில் மாட்டி இறுக்கும். பெயர், தொலைபேசி எண், இறங்கும் நிலையம் எழுதிய அட்டையைக் கூண்டில் கட்டுங்கள். கார்டிடம் பேசி, நீண்ட நிறுத்தங்களில் போய்த் தண்ணீர் கொடுங்கள். கோடையில் பகல் வண்டியில் இது கூடவே கூடாது. பக், புல்டாக், பாக்ஸர் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு எந்தப் பருவத்திலும் வேண்டாம்.

மருந்தும் சூடும்

தூக்க மாத்திரை கொடுத்துவிடலாம் என்ற யோசனை பலருக்கு வரும். பழைய மயக்க மருந்தான அசெப்ரோமசின் உடம்பை அடக்கும், பயத்தை அடக்காது. இரத்த அழுத்தத்தையும் உடல் சூட்டைச் சீராக்கும் திறனையும் குறைக்கும். பதற்றம் அதிகமான நாய்க்கு மருத்துவர் வேறு மருந்து எழுதித் தந்தால், பயணத்துக்கு முன் வீட்டில் ஒரு முறை கொடுத்துப் பாருங்கள். சில நாய்களுக்கு எதிர்மாறாகக் கிளர்ச்சி வரும். பயண வாந்திக்கு மாரோபிடன்ட் என்ற மருந்து உண்டு, அதுவும் மருத்துவர் எழுதித் தந்தால்தான். மனிதர்களுக்கான பாரசிட்டமால், ஐபுபுரூபன் இரண்டையும் நாய்க்குக் கொடுக்கவே கூடாது.

நாயின் இயல்பான வெப்பம் 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். ஏசி நின்று வண்டி வெயிலில் நிற்கும்போது நாக்கு அடர்சிவப்பாகி, எச்சில் கயிறாக வழிந்து, கால் தள்ளாடினால் 41ஐ நெருங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மசிலைக் கழற்றி, உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி, விசிறுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விடாதீர்கள். அது சூட்டை உள்ளேயே பிடித்துவைக்கும். அதன்பின் மருத்துவர்.

இறங்கிய பிறகு

நாய் தொலைவது பெரும்பாலும் வந்து சேர்ந்த இடத்தில்தான். வாசனை புதிது, நீங்கள் களைப்பில் இருப்பீர்கள், பிடி தளர்ந்திருக்கும். ஹார்னஸிலும் கழுத்துப்பட்டையிலும் ஒவ்வொரு கயிறு மாட்டிய பிறகே கதவருகே போங்கள். பட்டைக்குள் இரண்டு விரல் மட்டும் நுழைய வேண்டும். மூன்று நுழைந்தால் தளர்வு. அன்று இரவு அரை வயிறு உணவு போதும். மறுநாள் மலம் இளகலாம், பதற்றத்தால் வருவது. இரண்டு நாளில் சரியாகாவிட்டாலோ இரத்தம் தெரிந்தாலோ காட்டுங்கள்.

திரும்பும் பயணத்துக்கு முன் குறைந்தது இரண்டு முழு நாள் இடைவெளி விடுங்கள். வரும் வழியில் பயன்படுத்திய விரிப்பில் ஒன்றை மூடிய பையில் பத்திரமாக வைத்திருங்கள். திரும்பும்போது அதே நிலையத்தில் அதை விரித்தால் தேடி அலைய வேண்டியிருக்காது.